மாட்டாஸ்பத்திரித் தைலமும் துரையின் நொண்டலும்

எங்கள் தெருவில் யாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டாலும், யாருக்கு இடுப்பு சுளுக்கினாலும், முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். கையில் கடையில் வாங்கிய தைலம் ஒன்றோ இரண்டோ இருக்கும். "கம்பவுண்டரய்யா, இதுல எதத் தேய்க்கட்டும்?" என்று கேட்பார்கள். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரி என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னதும் இல்லை.

நான் வேலை பார்த்தது மாட்டாஸ்பத்திரி.

போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு கம்பவுண்டர்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். இப்போது வலித் தைலமெல்லாம் கம்பெனியிலிருந்தே சீசாவில் வந்துவிடுகிறதாம். எங்கள் காலத்தில் கையால் அரைத்தோம் என்றதும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் இதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மிஷன் பள்ளியில் படித்தேன், பிறகு மருந்து கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எருமையின் பின்னங்கால் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை அந்த எருமையே கற்றுக்கொடுத்தது. இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்னால் மதுரையில் வேலைக்கு அமர்ந்தேன்.

அங்கே என் முக்கியமான வேலை வெள்ளைத் தைலம் அரைப்பது. சோப்பைத் தண்ணீரில் குழைத்துப் பீங்கான் கல்வத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். கற்பூரத்தை டர்பன்டைனில் கரைத்து, அதைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரே பக்கமாக அரைக்க வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் எண்ணெய் தனி, தண்ணீர் தனியாகப் பிரிந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பொறுமையாக அரைத்தால் எருமைத் தயிர் மாதிரி வெளுத்துக் கெட்டியாக வரும். வாசம் மட்டும் சாமானியமாக இருக்காது. நான் சாயங்காலம் வீட்டுக்குப் போவதை எங்கள் தெரு முனையிலிருக்கும் வெற்றிலைக் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிடுவார்.

எங்கள் டாக்டர் பெயர் தேவசகாயம். உயரமானவர், கொஞ்சம் கூன். எந்நேரமும் தோளில் ஒரு துண்டு கிடக்கும். அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும் மாட்டையும் குதிரையையும் 'வாங்க, நில்லுங்க' என்பார். அவற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவனை 'நீ' என்பார். ஒரு நாள் துணிந்து காரணம் கேட்டேன்.

"மாடு வலிக்குதுன்னா வலிக்குது. அது பொய் சொல்லாது. இவன் சொல்றதுல எது நெசம்னு நான் பாதி நாள் கண்டுபிடிக்கணும்" என்றார்.

அவருக்கு மருந்து பிறகுதான், கை முதலில். வலிக்கிற இடத்தில் புறங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சூடாக இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, தோல் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார். அடிபட்ட புதுசில் சூடாக வீங்கியிருந்தால் குளிர்ந்த ஈரத்துணிதான். பழைய வலியாக, தொட்டால் குளிர்ந்து விறைத்திருந்தால் வெள்ளைத் தைலம். தோல் பிய்ந்த இடத்தில் தைலமே கூடாது. தேய்த்த இடத்தை இறுக்கிக் கட்டவும் கூடாது, கட்டினால் வெந்துவிடும். மாடு நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேய்த்தவன் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. கடைசி விதியை நான் ஒரே ஒரு தடவை மறந்தேன். அன்றைக்கு முழுக்க வந்தவர்களெல்லாம் என் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து என்னிடம் மெதுவாகப் பேசினார்கள்.

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி, தோள் பிசகிய உழவுக் காளையோடு வந்தார். பிசகிய அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மிளகாயை அரைத்துப் பற்றுப் போட்டு, மேலே சாக்கைக் கட்டியிருந்தார். சாக்கை அவிழ்த்ததும் டாக்டர் காளையின் முகத்துக்கு நேரே போய் நின்று, "மன்னிச்சுக்கங்க" என்றார். பிறகு சம்சாரியைப் பார்த்தார்.

"வேலை செய்யிற மருந்துன்னா எரியணும்னு யார் சொன்னா?"

"எரிஞ்சாத்தானங்கய்யா மருந்து கேக்குதுன்னு அர்த்தம்?"

"அப்படின்னா வீடு எரியிறப்ப உனக்கு உடம்பு நல்லா ஆகணுமே" என்றார் டாக்டர். சம்சாரி அதை வெகுநேரம் யோசித்தார். காளை ஈரத்துணியோடு கொட்டகையில் தங்கிக் குணமாகிப் போயிற்று.

ஆனால் எங்கள் இருவரையும் திணற அடித்தது மாயாண்டியின் குதிரைதான்.

மாயாண்டி ஜட்கா ஓட்டுகிறவர். ரயிலடியில் வண்டி போடுவார். அவருடைய குதிரைக்குத் துரை என்று பெயர். செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளை. முதல் தடவை மாயாண்டி வந்து, "துரைக்குக் காலு நோவுது, டாக்டர கூப்புடுங்க" என்றபோது எங்கள் பியூன் எந்த வெள்ளைக்காரரோ என்று பதறி, மேல்சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார்.

அந்த முதல் தடவை நொண்டல் உண்மையானது. திருமங்கலம் ரோட்டில் சவாரி இறக்கிவிட்டுத் திரும்பும்போது பள்ளத்தில் முன்னங்கால் மடங்கி, வலது கால் வீங்கிவிட்டது. டாக்டர் முதலில் ஈரத்துணி போட்டார். வீக்கமும் சூடும் வற்றிய பிறகு வெள்ளைத் தைலம் கொடுத்தார். கால் தேறும்வரை வண்டியில் பூட்டக் கூடாது, பச்சைப் புல்லும் வேகவைத்த கொள்ளும் போடவேண்டும் என்றார். மாயாண்டி குதிரையைப் பிள்ளை மாதிரி வளர்ப்பவர். டாக்டர் சொல்லாத வெல்லத்தையும் சேர்த்துக் கொடுத்தார். துரை தேறினார். நாங்களும் மறந்துவிட்டோம்.

கொஞ்ச நாளில் மாயாண்டி மறுபடி வந்தார். துரை நொண்டுகிறார் என்றார். டாக்டர் காலைத் தொட்டார், சூடு இல்லை. குளம்பைத் தட்டினார், துரை காலை இழுத்துக்கொள்ளவில்லை. அமுக்கினார், துரை கொட்டாவி விட்டார்.

"எந்தக் காலு?"

"நேத்து வலது காலுங்க. இன்னைக்குக் காலையில இடது காலுங்க."

"பின்னங்கால் எப்ப?"

"அது இன்னும் ஆரம்பிக்கலீங்க" என்றார் மாயாண்டி கவலையோடு.

டாக்டர் குதிரையை மருந்தறைக்கு எட்ட இருந்த ஆஸ்பத்திரிக் கொட்டகையிலேயே, தைலம் ஏதும் தேய்க்காமல், வைத்துக்கொண்டார். அங்கே துரை நடந்தார், ஓடினார், பியூனின் குடையைத் தின்றார், ஒரு தடவைகூட நொண்டவில்லை. வீட்டுக்குப் போன மறுநாளே மறுபடி நொண்டல். இப்படியே நடந்துகொண்டிருந்தது. டாக்டர் தூக்கத்தில்கூடக் குதிரைக் கால் எலும்புகளின் பெயர்களைச் சொல்வதாக அவர் வீட்டம்மா என்னிடம் சொன்னார்.

மாயாண்டிக்கோ சவாரி போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஜட்காக்களுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. சோதனையில் குதிரை நொண்டினால் வண்டியில் அடித்திருக்கும் லைசென்ஸ் நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கழற்றிக்கொள்வார்கள். "பஸ்ஸு வந்து பாதிச் சவாரி போச்சு. வில்லையும் போச்சுன்னா நானும் தொரையும் எங்கிட்டுப் போறது அண்ணே?" என்று என்னிடம் கேட்டார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கச் சிரமப்பட்டதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

உண்மை மாயாண்டியின் சம்சாரம் பேச்சியம்மாள் மூலம் வெளியே வந்தது. ஒரு நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்கே மாயாண்டிக்குக் கஞ்சி கொண்டுவந்தவர், நான் துரைக்காகப் புதிதாக ஊற்றிக்கொடுத்த தைலச் சீசாவைப் பார்த்தார்.

"இத இனிமே குடுக்காதீக" என்றார். "வீட்டுல படுக்க முடியல. தலகாணியெல்லாம் இந்த நாத்தம்."

டாக்டர் நிமிர்ந்தார். "குதிரை மருந்து தலகாணிக்கு எப்படி வந்துச்சு?"

மாயாண்டி கஞ்சிச் சட்டிக்குள் பார்த்தார். பேச்சியம்மாள் விடவில்லை. "அன்னைக்குக் குதிரைக்குக் காலு மடங்குச்சுல்ல. அத நடக்கவிட்டுட்டு, வண்டிய இந்த மனுசனே திருமங்கலம் ரோட்டுலேருந்து வீடு வரைக்கும் இழுத்துட்டு வந்தாரு. அன்னையிலருந்து முட்டி போச்சு. குதிரைக்கு வலிச்சா ஆஸ்பத்திரி, இவருக்கு வலிச்சா குதிரை மருந்து. தெனமும் காலையில தேய்ச்சிட்டுத்தான் வண்டி பூட்டுறாரு."

"முட்டிவலின்னு ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார் டாக்டர்.

"நீங்க தொரையப் பத்தி மட்டுந்தான் கேட்டீங்க அய்யா."

டாக்டர் சீசாவையும் துரை நின்ற கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துரையை வெளியே கொண்டுவரச் சொன்னார். துரை நன்றாக நடந்து வந்து நின்றார். சீசாவின் தக்கையைத் திறந்து மூக்குக்குக் கிட்டே காட்டும்படி என்னிடம் சொன்னார். காட்டினேன். துரை மூக்கை விரித்தார். காதை முன்னால் தள்ளினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு மெதுவாக, மிகவும் வேதனைப்படுகிறவரைப் போல, இடது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டார்.

"அந்தக் கால் இல்லைங்க" என்றார் டாக்டர். "உங்களுக்கு அடிபட்டது வலது கால்."

துரை காலை மாற்றவில்லை.

எங்களுக்கு விளங்கிவிட்டது. இந்த வாசம் வந்தால் வேலை இல்லை, பச்சைப் புல் உண்டு, கொள்ளு உண்டு, வெல்லம் உண்டு. இதைத் துரை ஒரே தடவையில் கற்றுக்கொண்டார். மாயாண்டி தம் முட்டியில் தைலத்தோடு வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், முதலாளி லீவு சொல்லிவிட்டார் என்று துரை எடுத்துக்கொண்டார்.

பேச்சியம்மாள் சிரித்தார், நானும் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. குதிரையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயுமா?" என்றார். அதன் பிறகு கொஞ்ச காலம் அந்தக் குதிரையை மட்டும் அவர் 'நீ' என்றுதான் கூப்பிட்டார். அவருக்கு மனசு அவ்வளவு நொந்துபோயிற்று.

மாயாண்டி முட்டிக்கு என்ன செய்வது என்று கேட்டார். மனுஷனுக்கு மருந்து சொல்வது தம் வேலை இல்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போ என்றார் டாக்டர். "அது போகட்டும்" என்றார் பேச்சியம்மாள், "நான் உப்ப வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடுக்குறேன். அதுல வாசம் வராதுல்ல?"

"குதிரைக்கு அதுல ஆட்சேபம் இருக்காது" என்றார் டாக்டர்.

உப்பு ஒத்தடம் தொடங்கியதும் துரையின் நொண்டல் போன இடம் தெரியவில்லை. மாயாண்டியும் முன்னைவிடச் சுலபமாக எழுந்து உட்கார்ந்தார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

ஊருக்கு மேற்கே ஒரு பொட்டலில் சோதனை நடந்தது. ஆடிமாசம். மேற்கேயிருந்து காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. குதிரைகளின் உடம்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல டாக்டரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். சோதனை அதிகாரி தடித்த மனிதர், சட்டைக்கு மேல் கோட்டு. உடம்பைத் திருப்பாமல் கால்களை மட்டும் திருப்பித் திருப்பி, அலமாரியை நகர்த்துவது போல நடந்தார். தப்பாமல் ஒவ்வொரு வண்டியிலும் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்தார்.

மாயாண்டியின் முறை வந்தது. துரை தலையை நிமிர்த்தி ஒரு சுற்று நடந்தார். அதிகாரி தலையை ஆட்டினார். பல்லைப் பார்க்கவேண்டும் என்று கிட்டே வந்தார். துரை மூக்கை விரித்தார். மெதுவாக வலது காலைத் தூக்கினார்.

"நொண்டி" என்றார் அதிகாரி. "வில்லையைக் கழட்டு."

டாக்டர் மாயாண்டியை முறைத்தார். "அய்யா, சத்தியமா நான் தேய்க்கல. வேணும்னா மோந்து பாருங்க" என்று மாயாண்டி வேட்டியைத் தூக்கி முட்டியைக் காட்டினார். அத்தனை ஜட்காக்காரர்களுக்கும் முன்னால் டாக்டர் குனிந்து மாயாண்டியின் முட்டியை மோந்து பார்த்தார். உப்பைத் தவிர ஒன்றுமில்லை. அடுத்து என் கையை மோந்து பார்த்தார். பிறகு காற்றை மோந்துகொண்டே தலையைத் திருப்பினார். மூக்கு அதிகாரியின் கோட்டுக்கு நேரே போய் நின்றது. எனக்கும் வந்தது அந்த வாசம். நான் அரைத்ததை எனக்குத் தெரியாதா?

மாயாண்டியைப் பார்த்தோம். அவர் முகம் வெளிறிவிட்டது.

"சீசாவுல மிச்சம் இருந்துச்சு" என்றார் தணிந்த குரலில். "அதிகாரி அய்யாவுக்கு முதுகுவலின்னு அவுக பியூன் சொன்னாரு. சோதனையில கொஞ்சம் பாத்துக்கிடுவாருன்னு, சீமை மருந்துன்னு சொல்லிக் குடுத்துவிட்டேன்."

டாக்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதை இத்தனை பேர் முன்னால் சொன்னால் அதிகாரியின் மானம் போய்விடும். அவர் மானம் போனால் வில்லை கட்டாயம் போய்விடும். "ஓட்டிப் பார்த்துட்டு முடிவு செய்யலாமே" என்றார் அதிகாரியிடம். "நீங்களே ஏறி உட்காருங்க."

அதிகாரி ஜட்காவுக்குள் ஏறினார். டாக்டரும் ஏறினார். நான் பின்படியில் தொற்றிக்கொண்டேன். நாகமலை புதுக்கோட்டை ரோட்டில் மேற்கு முகமாக விட்டோம். எதிர்க்காற்று வாசத்தையெல்லாம் எனக்குப் பின்னால் அடித்துக்கொண்டு போயிற்று. துரை பறந்தார். அதிகாரிக்கே சந்தோஷம் வந்துவிட்டது. "நல்லாத்தானய்யா ஓடுது" என்றார். "போதும், திருப்பு."

மாயாண்டி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வானத்தைப் பார்த்தார். வண்டி திரும்பியது. இப்போது காற்று முதுகுப் பக்கம். அதிகாரியின் முதுகைத் தடவிக்கொண்டு நேரே துரையின் மூக்குக்குப் போயிற்று. துரையின் காது அசைந்தது. ஓட்டம் நடையாயிற்று. இடது காலை ஊன்றாமல் கொஞ்ச தூரம் போனார், வலது காலை ஊன்றாமல் கொஞ்ச தூரம் போனார். பிறகு மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் ஒரு கமலைக் கிணற்றுக்குப் பக்கத்தில் நின்றேவிட்டார்.

இனிமேல் மறைக்க வழியில்லை. டாக்டர் இறங்கி, அதிகாரிக்கு எல்லாவற்றையும் சொன்னார், வெல்லம் வரைக்கும். அதிகாரி கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது. மாயாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய பிழைப்பு முழுவதும் அந்த ஒரு முகத்தில்தான் இருந்தது.

"இது வேற யாருக்காவது தெரியுமா?" என்றார் அதிகாரி கடைசியில்.

"குதிரைக்குத் தெரியும்" என்றார் டாக்டர்.

அதிகாரி குதிரையைப் பார்த்தார். குதிரை காலைத் தூக்கிக் காட்டியது. "இப்ப என்ன செய்றது?" என்றார் அதிகாரி.

"குளிக்கணும்."

டாக்டரின் பையில் எப்போதும் கார்பாலிக் சோப்பு இருக்கும். அதிகாரி கோட்டையும் சட்டையையும் கழற்றி, கிணற்று மேட்டில் வாய்க்காலுக்குள் உட்கார்ந்தார். கமலை ஓட்டிக்கொண்டிருந்த சம்சாரி, கேள்வி கேட்காமல் தண்ணீர் இறைத்துவிட்டார். முதுகைத் தேய்க்கும் வேலை எனக்கு வந்தது. முதுகு முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்திருந்தது. குதிரைத் தோலுக்கு அரைத்த மருந்தை மனுஷத் தோல் தாங்குமா? டாக்டர் பழக்க தோஷத்தில் பக்கத்தில் வந்து, புறங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "அசையாம நில்லுங்க. அப்படித்தான். நல்ல பிள்ளை" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். அதிகாரி அசையவில்லை. எனக்குத்தான் சோப்பு கையைவிட்டு நழுவிவிட்டது.

கோட்டையும் சட்டையையும் நான் மூட்டையாகக் கட்டி, வாசம் எட்டாதபடி வண்டிக்கு வெகு தூரம் பின்னால் தூக்கிக்கொண்டு நடந்தே வருவதென்று முடிவாயிற்று. அதிகாரி டாக்டரின் துண்டைப் போர்த்திக்கொண்டு குதிரையிடம் போனார். "இப்பச் சரியான்னு கேளு" என்றார் மாயாண்டியிடம். துரை அவரை ஈரத் தலையிலிருந்து கால் வரை நிதானமாக மோந்து பார்த்தார். ஏமாந்த முகத்தோடு நான்கு கால்களையும் ஊன்றி நின்றார்.

மாயாண்டியின் வில்லை வண்டியிலேயே இருந்தது. பொட்டலில் காத்திருந்தவர்கள், துண்டைப் போர்த்திக்கொண்டு ஈரத் தலையோடு வந்து இறங்கிய அதிகாரியைப் பார்த்து வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அதற்குப் பிறகு எந்தக் குதிரைக்கும் எந்தக் குறையும் இல்லாமல் போயிற்று.

சில நாள் கழித்து அந்த அதிகாரி எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு கன்றுக்குட்டி. கயிறு புதிது, கன்றுக்குட்டியும் அவருக்குப் புதிது என்பது இரண்டும் ஒன்றையொன்று பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

"நேத்துத்தான் வாங்கினேன்" என்றார். "இதுக்கு முதுகுவலி."

டாக்டர் அவரைப் பார்த்தார், கன்றுக்குட்டியைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். கன்றுக்குட்டியின் முதுகில் புறங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்ப அதிகமா இருக்குங்க?" என்று கன்றுக்குட்டியைக் கேட்டார்.

"காலையில எந்திரிக்கிறப்ப" என்றார் அதிகாரி.

"வலி காலுக்கு இறங்குதா? மரத்துப் போகுதா?"

"இல்ல. இடுப்போட நின்னுருது."

"அப்ப நல்லது. வெள்ளைத் தைலம் உங்க தோலுக்கு ஆகாது. தடிப்பு ஆறுற வரைக்கும் எதையுமே தேய்க்காதீங்க. ஆறுனதும் உப்ப வறுத்து, கை பொறுக்குற சூட்டுல ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்க. நாற்காலியில ரொம்ப நேரம் உட்காராதீங்க. சாயங்காலம் கொஞ்சம் நடங்க. அப்பயும் விடலைன்னா வெக்கப்படாம பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

கன்றுக்குட்டி டாக்டரின் சட்டை நுனியை மென்றுகொண்டிருந்தது. அதிகாரி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"சரி டாக்டர். சொல்லிர்றேன்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் வேலை முடிந்து வெளியே வந்தபோது, ஆற்றங்கரை ரோட்டில் இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள். அதிகாரி முன்னால் போக, கன்றுக்குட்டி பின்னால் போயிற்று.